எதிரணியை மதிக்கக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,



2025 நவம்பர், டிசம்பரில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டு அணிகள் வந்தன. அதற்காக மதுரை ரேஸ்கோர்ஸில் எழுந்த சர்வதேச ஹாக்கி அரங்கம் இனி எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தம். இதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அந்த அரங்கில் நம் அணி ஓமனை 17-0 என்று வென்றது. பாகிஸ்தான் விலகியதால் அதன் இடத்துக்கு வந்த அணி ஓமன். பதினேழு கோல் வாங்கியும் ஆட்டத்தை முழுதாக ஆடி முடித்தது. அந்த ஸ்கோரைக் கொண்டாடிய நம் ஊர்ப் பிள்ளையிடம், எதிரே நின்று தோற்ற அந்தப் பையன்களைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசியிருப்போமா? இந்த மடலை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர் வற்றிய கண்மாயையே மைதானமாக்கிப் பிள்ளைகளைப் பழக்கியவர்களில் ஒருவன். இன்று அவர்களுக்கு விடுதி இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பிடித்தால் 1 லட்சம் ரூபாய். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது வாழ்க்கையையே மாற்றும் தொகை. அதனால்தான் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற நெருக்கடியும் இன்று கூடியிருக்கிறது.

கபடிப் போட்டிகளில் நான் கண்ட காட்சி ஒன்று. 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. எடை பார்க்கும் இடத்தில் வரிசை நிற்கிறது. சான்றிதழில் 13 வயது என்றிருக்கும் ஒருவனுக்குத் தாடையெல்லாம் பச்சை ஓடியிருக்கிறது. மீசையை அன்று காலையில்தான் மழித்திருக்கிறான். எதிரணியின் உண்மையான 13 வயதுக்காரன் அவனை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துகொள்கிறான். வயதைக் குறைத்து எழுதியவர்கள் பெரியவர்கள். ஆனால் திருடித்தான் ஜெயிக்க முடியும் என்ற பாடம் பிள்ளைகள் இருவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊக்கமருந்தும் அப்படித்தான். 2024இல் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260இல் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. அதிக எண்ணிக்கையில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக மோசமான விகிதம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்ததும், 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓட ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். நம் மாவட்டங்களிலும் “ஜிம்ல குடுத்தாங்க சார்” என்று பெயர் தெரியாத பவுடர் டப்பாவோடு பிள்ளைகள் வருகிறார்கள். உடம்பில் எது கலந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதே என்பது உலக விதி. அதை அவர்களுக்குத் தமிழில் சொல்லித்தர ஆள் இல்லை.

இவற்றைவிட என்னை உறங்கவிடாத கவலை சாதி. 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போன பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவனைக் கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாயின. கபடியில் அவன் அணி ஜெயித்ததே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மாணவர்கள் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு வருவதைத் தடுக்கச் சொல்லி நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கயிற்றை அறுப்பது எளிது. தன்னைத் தோற்கடித்தவனைச் சமமானவனாகப் பார்க்கும் மனத்தை மைதானத்தில்தான் வளர்க்க முடியும்.

அது முடியாத காரியமல்ல. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். கூட ஓடியவர்கள் முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். கையிலிருந்த கோலை அடுத்தவரிடம் சேர்ப்பது ஒன்றுதான் அங்கே முக்கியம். 2025 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூரில் இந்திய, பாகிஸ்தான் ஜூனியர் ஹாக்கி வீரர்கள் ஆட்டத்துக்கு முன் கையோடு கை தட்டிக்கொண்டார்கள். கிரிக்கெட்டில் இவ்விரு நாட்டுப் பெரியவர்கள் கைகுலுக்காமல் பிரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உலகத்தோடு ஒத்து வாழும் பண்பு இளையோருக்கு இயல்பாகவே வருகிறது. அதைக் கெடுக்காமல் வளர்ப்பது நம் கடமை.

எனவே சில கோரிக்கைகள். விளையாட்டு விடுதிகளிலும் பயிற்சி மையங்களிலும் வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டு அறத்துக்கு ஒதுக்குங்கள். ஊக்கமருந்து விதிகளை எளிய தமிழில் கையேடாக அச்சிட்டு ஒவ்வொரு வீரருக்கும் கொடுங்கள். வயதுச் சான்றிதழில் பொய் இருந்தால் பிள்ளையை மட்டும் தண்டிக்காமல், கையெழுத்திட்ட பெரியவர்களையும் பயிற்சியாளரையும் பொறுப்பாக்குங்கள். மாவட்டப் பயிற்சி முகாம்களில் ஊர்வாரியாக அணி பிரிக்காமல், பல ஊர்ப் பிள்ளைகளைக் கலந்து ஒரே அணியில் ஆடவிடுங்கள். முதலமைச்சர் கோப்பையில் நேர்மையாக ஆடிய அணிக்கும் மாவட்டந்தோறும் ஒரு பரிசு அறிவியுங்கள். அந்த அணி கடைசி இடத்தில் இருந்தாலும் சரி. ரேஸ்கோர்ஸ் அரங்குக்கு இனி எந்த நாட்டு அணி வந்தாலும், நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அவர்களோடு ஒரு மாலைப்பொழுது சேர்ந்து விளையாட வழி செய்யுங்கள்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. அடுத்த முதலமைச்சர் கோப்பைக்கு முன்பே மதுரையில் தொடங்குங்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிடுங்கள்; சம்பளம் கேட்காமல் வந்து வகுப்பெடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மதுரை