சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நிற்காது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, பக்கத்தில் உள்ள மணிமங்கலம் போன்ற ஊர்களில் நிலத்தின் மதிப்பு பல மடங்கு கூடிவிட்டது. மதிப்பு கூடினால் வழக்கும் கூடும். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சோடு நின்றிருக்கும். பங்காளி ஒருவரிடம் பாகத்தை வாங்கியவர் ஒருநாள் கோர்ட்டுக்குப் போவார்.

கோர்ட்டு ஊழியர் சம்மன் கொண்டுவந்தால், 'ஆள் ஊரில் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவோர் உண்டு. வாங்காவிட்டால் வழக்கு நடக்காது என்பது அவர்கள் எண்ணம். இது முற்றிலும் தவறு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, வாங்க மறுத்தால் சம்மனை வாசற்கதவில் ஒட்டலாம். ஆள் ஒளிந்து திரிந்தால் பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம். அதன்பின் 'எனக்குத் தெரியாது' என்பது எளிதில் எடுபடாது.

சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் 90 நாள் வரை கோர்ட்டு அவகாசம் தரலாம். வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிரதிவாதி 'எக்ஸ்பார்ட்டி' ஆகிவிடுவார். வாதி தரப்பை மட்டும் கேட்டு வழக்கு முடியும். அப்போதும் வாதி தன் உரிமைக்கு ஆதாரம் காட்டத்தான் வேண்டும். ஆனால் பிரதிவாதியின் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பத்திரமும், கிஸ்தி ரசீதும், அடங்கல் நகலும் நீதிபதியின் பார்வைக்கே வராது. நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும் தீர்ப்பை 12 ஆண்டுகள் வரை நிறைவேற்றக் கோரலாம்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடலாம். தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறைப்படி சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சொத்து வழக்கு ஒன்றில் 1991இல் இப்படித் தீர்ப்பானது. ரத்து கோரிய மனுவும் 1993இல் கவனிப்பாரின்றித் தள்ளுபடியானது. வக்கீல் தகவல் தரவில்லை என்றார் பிரதிவாதி. அவரது 883 நாள் தாமதத்தை 1998இல் சுப்ரீம் கோர்ட்டு மன்னித்தது. ஏழு ஆண்டு அலைச்சலில் அவருக்குக் கிடைத்தது வெற்றி அல்ல. தன் மனுவைக் கேட்கச் செய்யும் வாய்ப்பு மட்டுமே. வக்கீல் வைத்தாலும் வாய்தா தேதியைத் தாமே விசாரித்து வர வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

உழவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. நடவு நாளில் கோர்ட்டுக்குப் போனால் வேலை கெடும். வக்கீல் செலவும் அச்சுறுத்தும். இதற்காகவே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லை. மற்றவர்களில் பலருக்கு வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சட்டப் பணிகள் குழுவினர் கிராம சபைக்கே வந்து இதை விளக்குவது நல்லது.

நாற்றின் நுனியில் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலைக் கண்டால் உடனே கிள்ளி எறிகிறோம். வெண்கதிர் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. சம்மனையும் அப்படியே கருத வேண்டும். கையெழுத்திட்டு வாங்குவதால் உரிமை போய்விடாது. வாங்கிய அன்றே வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு, நிலப் பத்திரங்களுடன் வக்கீலைப் பார்ப்பதே நிலத்தைக் காக்கும் வழி.