சட்டம் பயின்றவனுக்குக் கதவடைப்பா?

சட்டப் பட்டம் பெற்றுவிட்டால் வழக்கறிஞர் ஆகிவிடலாம் என்று எண்ணுவோர் இன்னும் உளர். ஆகிவிட முடியாது! பட்டத்துக்கும் வழக்காடும் உரிமைக்கும் இடையே ஒரு வாயில் நிற்கிறது. அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு என்பது அதன் பெயர். 2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதன்முதலாக நடைபெற்றது. பதிவு செய்துகொண்டோர் இரண்டாண்டுக்குள் இதில் தேறியாக வேண்டும். தவறினால் தொழில் நடத்த இயலாது. 2023 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அரசியல் சட்ட அமர்வு, இத்தேர்வு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

தேர்வே கூடாது என்று நாம் கூறவில்லை, தோழர்களே! அரைகுறை அறிவோடு வாதாடி, கட்சிக்காரனைத் தெருவில் நிறுத்தும் வழக்கறிஞர் வேண்டுமென்று யார் கேட்பார்? வாயிலிலே காவல் இருக்கட்டும். ஆனால் அந்த வாயிலுக்கு வரும் பாதை ஒருவனுக்கு மலர் விரிப்பாகவும் மற்றொருவனுக்கு முள் வேலியாகவும் இருக்கலாமா என்பதே நம் கேள்வி!

மூக்கண்டப்பள்ளியைப் பாருங்கள். ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர். சிப்காட் ஆலைகளின் நிழலிலே வாழும் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் உறவாடும் எல்லைப்புறம். அப்பன் கடைசல் பொறியிலே கை தேய, மகன் சட்டம் பயில்கிறான். வீட்டிலே முதல் பட்டதாரி. தேர்வுக்கு ஆயத்தமாக வழி கேட்டால், பெங்களூரின் பயிற்சிக் கடையைக் காட்டுகிறார்கள். பணம் படைத்தவன் போகிறான். பணம் அற்றவன் பாதி இரவு விழித்துத் தனியே படித்துத் திகைக்கிறான்.

"மூன்றாண்டும் ஐந்தாண்டும் பயின்றவனுக்கு மீள்பார்வைப் பயிலரங்கு எதற்கு? குறிப்புரை இல்லாத சட்ட நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு! நூற்றுக்கு நாற்பத்தைந்து வாங்கினால் போதும்! இதற்குமா பயிற்சி?" என்று மேட்டுக்குடி மேதைகள் ஏளனம் பேசுகின்றனர்.

ஏளனம் எளிது, அய்யா! எண்ணிப் பாரும். வினாக்கள் நூறு, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் வினாவைப் படித்து, உரிய சட்டத்தைத் தேர்ந்து, பிரிவைத் தேடி, விடையைக் குறிக்க வேண்டும். வாள் கையில் இருப்பதாலேயே வீசத் தெரிந்துவிடுமா? கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று மனனம் செய்து கல்லூரியை விட்டு வெளிவந்தான். 2024 சூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 302 என்பது 103 ஆயிற்று, 420 என்பது 318 ஆயிற்று! ஆள்வோர் எண்களை மாற்றினர். அதைக் கற்பிக்கும் பொறுப்பு எவருக்கு? எவருக்கும் இல்லையாம்!

இன்னொன்று கேளுங்கள். நூறு வினாக்களில் தொழிலாளர் சட்டத்துக்கு ஒதுக்கப்படுபவை நான்கே நான்கு! மூக்கண்டப்பள்ளித் தொழிலாளியின் கூலி, விடுப்பு, பணிநீக்கம், இழப்பீடு அத்தனையும் அந்த நான்குக்குள் அடக்கம். அந்தச் சட்டமேனும் நிலைத்து நின்றதா? 29 சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நூறு பேர் பணிபுரியும் தொழிற்சாலையை மூடவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது. இன்று அந்த எல்லை முந்நூறு! இதை எதிர்த்து வாதாட யார் வருவார்? பாண்டியன் அவையிலே கண்ணகி தானே வாதாடினாள். அவள் கையில் சிலம்பு இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் நியமன ஆணைகூட இல்லையே! அவன் தெருவிலே பிறந்து, அவன் மொழியிலே பேசும் வழக்கறிஞன் அவனுக்கு வேண்டாமா?

ஆகவே கேட்கிறோம். 2024 சூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் கூடாது, பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 125க்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகக் கூறியது. ஆனால் 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்குக் கட்டணம் 3,500. பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 2,500! வீட்டுக்குள் நுழைய 750, வாசற்படியை மிதிக்க 3,500! வாங்கிய பணத்தில் ஒரு பங்கைப் பயிலரங்குக்குத் தருவதிலே இந்திய வழக்கறிஞர் கழகத்துக்கு என்ன தடை?

தருமபுரி அரசுச் சட்டக் கல்லூரி ஆசிரியர்கள் வரட்டும். ஓசூர் நீதிமன்ற மூத்த வழக்கறிஞர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஈயட்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் கூடத்தைத் திறந்து விடட்டும். முறைமாற்றி வேலைக்குப் போவோருக்கு ஏற்ற நேரம் வைக்கட்டும். பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்க்கச் செய்து, பிழையை அன்றே திருத்தி, பழைய பிரிவையும் புதிய பிரிவையும் அருகருகே வைத்துக் காட்டட்டும். தமிழிலும் எழுதலாம் என்கிறது தேர்வு, தமிழிலேயே பயிற்றட்டும். கட்டணம்? ஒரு காசும் கூடாது!

ஆலை முதலாளி கதவடைத்தால் போராடத் தெரிந்த ஊர் இது. அறிவின் கதவை அடைத்தால் மட்டும் வாளாவிருக்குமோ? திறவுங்கள்! இல்லையேல், திறக்கச் செய்வோம்!