38 பி எல்லாருக்கும் பொருந்தாது

பெரிய மார்பு உள்ள பெண்ணைப் பற்றி எங்கட சமூகத்துக்கு இரண்டு விதமாகத்தான் கதைக்கத் தெரியும். ஒன்று, படத்தில் வருகிற பகிடி. மற்றது, "ஷோலை வடிவாப் போடு பிள்ளை" என்கிற புத்திமதி. அந்த உடம்போடு ஒரு நாள் எப்படிப் போகுது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. நானும் அப்படி உடம்பு உள்ளவள்தான் என்பதால் சொல்லுகிறேன்.

முதலில் வெக்கை. மன்னார்த் தீவின் வெயிலில் மார்புக்குக் கீழே மடிப்பில் வியர்வை தேங்கும். தோல் சிவந்து, கடித்து, சில நேரம் புண்ணாகவே போகும். அடுத்தது காற்று. காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிற அளவுக்குக் காற்று அடிக்கிற தீவு எங்கட தீவு. சோளக மாதங்களில் சைக்கிளில் போனால் எதிர்க்காற்று சட்டையை உடம்போடு ஒட்டிப் பிடிக்கும். ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை ஷோலில். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தெறிக்கும் தெறிக்கும் இடையில் விரியும், உள்ளுக்குப் பின் குத்திக்கொண்டு போவோம். பின்னேரம் ஆனால் கழுத்து, தோள்மூட்டு, முதுகு எல்லாம் நோவு. பிராப் பட்டி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருக்கும். இதை மறைக்கவே பதின்மூன்று பதினாலு வயதில் கூனி நடக்கப் பழகுகிறோம். பிறகு அந்தக் கூனலும் சேர்ந்து நோகும்.

இந்த நோவுக்கு உடம்பு மட்டும்தான் காரணமா? இல்லை. பாதிப் பிரச்சினை கடையில் இருக்கிறது.

பிராவின் அளவில் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் வரும். எண் என்பது மார்புக்குக் கீழே சுற்றளவு. எழுத்து என்பது அந்தச் சுற்றளவுக்கும் மார்பின் உயர்ந்த இடத்துச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு இஞ்சி எண்டால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நாலு டி. கொம்பனிக்குக் கொம்பனி கொஞ்சம் மாறும், கணக்கு இதுதான். கீழே 34 இஞ்சியும் மேலே 38 இஞ்சியும் உள்ள பெண்ணின் அளவு 34 டி. ஊர்க் கடையில் 34 டி கேட்டுப் பாருங்கோ. "38 பெரிய சைஸ் இருக்கு" எண்டு எடுத்துத் தருவார்கள். அது 38 பி. கிண்ணத்தின் கொள்ளளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சுற்றுப்பட்டி நாலு இஞ்சி லூஸ். மார்பின் பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டிதான். அது முதுகில் மேலே ஏறிவிட்டால் முழுப் பாரமும் தோளுக்கு வரும். விற்கிறவர் ஆம்பிளை எண்டால் திரும்பக் கேட்கவும் வாய் வராது. பேப்பரில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. உள்ளாடை ஏற்றுமதியில் பேர் எடுத்த நாடு இலங்கை. விக்டோரியாஸ் சீக்ரெட் போன்ற பிராண்டுகளுக்குத் தைத்து அனுப்புகிற எம்ஏஎஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் போருக்குப் பிறகு கிளிநொச்சிக்கும் வந்தன. வன்னிப் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுப் பெண்ணுக்கு எத்தனையோ அளவில் பிரா அனுப்புகிற நாட்டில், மன்னாரில் இருக்கிற பெண்ணுக்கு இரண்டு மூன்று அளவுதான் கிடைக்கிறது.

விளையாட்டையும் சொல்ல வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்பில் வலைப்பந்தில் பாய்ந்து திரிந்த பிள்ளையள் ஒன்பதாம் வகுப்பில் "வயிற்று நோ" எண்டு மர நிழலில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடினால் பார்க்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள் எண்டு அவளுக்குத் தெரியும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 முதல் 18 வயது வரையான 2,000க்கு மேற்பட்ட மாணவிகளிடம் கேட்டு 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் மார்பின் காரணமாகத் தங்கள் விளையாட்டு பாதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 17 வயதில், 2009 இல், மார்பைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தார். பத்து வருடத்தில் விம்பிள்டன் வென்றார். எல்லாருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இருந்தால் எத்தனையோ பிள்ளையள் மைதானத்தில் நிற்பார்கள். அப்படி ஒரு சாமான் இருக்கிறது எண்டதையே கம்பஸுக்கு வந்துதான் அறிந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

பஸ்ஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கு? ஐநா சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம். தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி இது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். "இறுக்கமாப் போட்டால் பார்க்கத்தானே செய்வினம்" எண்டு சொல்லுகிறவர்களுக்கு எருக்கலம்பிட்டியில் இருந்து வருகிற என் தோழியின் பதில் போதும்: "நான் அபாயா போடுறன். அப்பவும் முழங்கை வருது."

பெண்ணின் நெஞ்சில் என்ன இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்வது புதிதும் இல்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சீலை போடும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது எண்டு கட்டுப்பாடு இருந்தது. அப்போது மூடாதே என்றார்கள், இப்போது மூடு என்கிறார்கள். சொல்லுகிற குரல் ஒன்றுதான். முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கண்ணகிக்கு வற்றாப்பளையில் பொங்கல் வைக்கிறோம். ஆனால் குட்டி ரேவதி 2002 இல் தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' எண்டு பேர் வைத்தபோது தமிழ்நாட்டில் பெரிய கூச்சலே எழுந்தது. இந்தக் கூச்சத்துக்கு விலை இருக்கிறது. இலங்கைப் பெண்களில் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். பேரைச் சொல்லவே வெட்கப்பட்டால், கட்டி ஒன்று இருக்குது எண்டு யாரிடம் போய்ச் சொல்லுவது?

"மன்னாரில் கதைக்க வேற விசயம் இல்லையா? புதைகுழி இருக்கு, காணாமல் போனவர்கள் இருக்கினம், மணல் அகழ்வு இருக்கு" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தப் போராட்டங்களில் வெயிலுக்குள் மணிக்கணக்காக இருக்கிற அம்மாக்களும் இதே உடம்போடுதான் இருக்கிறார்கள். பெரிய வலி இருக்குது எண்டு சின்ன வலியைப் பொறுக்கச் சொல்லுகிற பழக்கம் பெண்களிடம் மட்டும்தான் செல்லும்.

கேட்பது பெரிய விசயமும் இல்லை. கடைக்காரர் சி, டி அளவுகளை எடுத்து வைக்கட்டும், ஒரு பெண்ணை விற்பனைக்கு விடட்டும். பள்ளிக்கூடம் சட்டையைக் கொஞ்சம் லூஸாகத் தைக்க விடட்டும், வலைப்பந்துக்குப் பந்து வாங்கும்போது ஸ்போர்ட்ஸ் பிரா பற்றியும் ஒரு ரீச்சர் பிள்ளையளோடு கதைக்கட்டும். நோவு எண்டு போனால் "மெலிஞ்சால் சரி" என்று அனுப்பாமல் வைத்தியர் கேட்கட்டும். மார்பில் கொழுப்பு மட்டும் இல்லை, சுரப்பித் திசுவும் இருக்கிறது. மெலிந்தாலும் சிலருக்குக் குறையாது.

வீட்டில் தங்கச்சி இருந்தால் இந்தக் கிழமை ஒரு இஞ்சி நாடாவை எடுத்து அவளுக்கு அளக்கக் காட்டிக் குடுங்கோ. கூனாமல் நட எண்டும் சொல்லுங்கோ.