அந்த 127-ஐ யார் வைத்தது?



விடுமுறைக்கு நாட்டரசன்கோட்டை வந்த பேரன், எங்க அப்பச்சி எழுதிய பழைய வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் போனில் படம் எடுத்தான். மை மங்கிய பக்கங்கள். "ஓபன்சிவியை வச்சு எழுத்தைத் தெளிவாக்கிடுறேன் ஐயா" என்றான். அது படங்களை அலசும் இலவச மென்பொருள். 1999-ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கியது. நிரலை ஓட்டினான். பக்கம் வெள்ளை வெளேரென்று வந்தது. பாதி எழுத்தைக் காணோம்!

"கம்ப்யூட்டருக்குத் தெரியலை ஐயா."

விளக்கச் சொன்னேன். சாம்பல் நிறப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. நிரலில் 127 என்று ஒரு வரம்பு. அதற்கு மேல் போனால் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. மங்கிய மை வரம்பைத் தாண்டி வெள்ளையாகிவிட்டது.

"அந்த 127-ஐ யார் வைத்தது?"

"பாடத்துல அப்படித்தான் இருந்துச்சு."

எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்குப் பதில், சில வரிகள் சேர்த்துத் திரையில் ஒரு ஸ்லைடர் வைத்தான். ஓபன்சிவியில் அதற்கு டிராக்பார் என்று பெயர். அதை நகர்த்த நகர்த்தப் படமும் கூடவே மாறியது. 170-ல் அப்பச்சியின் எழுத்து எழுந்து வந்தது. 200-ல் கறையும் எழுத்தாகிவிட்டது. அடுத்த பக்கத்துக்கு அதே 170 ஒத்துவரவில்லை. அந்தக் காலத்தில் வானொலித் திருகைத் திருகி இலங்கை நிலையத்தைப் பிடித்தோமே, அதே வேலைதான். கை திருப்பும், காது தீர்மானிக்கும்.

என் கருத்து இதுதான். பிள்ளைகளுக்குக் கணினிப் பார்வை சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் நாளே ஸ்லைடரைக் கையில் கொடுங்கள். செய்து பார்த்துக் கற்பதுதான் நிற்கும் என்று ஆசிரியர் பயிற்சியில் படித்தவன் நான். எண் நிரலுக்குள் ஒளிந்திருந்தால், இயந்திரமே முடிவெடுத்ததாகப் பிள்ளை நம்பிவிடும். ஸ்லைடர் இருந்தால், கோட்டைக் கிழித்தது மனிதன் என்று தெரியும்.

இது விளையாட்டு விஷயமில்லை. முக அடையாள மென்பொருளில் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாக 2022-ல் டெல்லி காவல்துறை தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொன்னது. ஏன் 80? ஏன் 90 இல்லை? குறைத்தால் அப்பாவி மாட்டலாம், கூட்டினால் குற்றவாளி தப்பலாம். ஸ்லைடரை நகர்த்திப் பார்த்த பிள்ளை வளர்ந்தபின் இந்தக் கேள்வியைக் கேட்கும்.

ஆபத்தும் உண்டு. நமக்கு வேண்டிய விடை வரும்வரை நகர்த்திவிட்டு, "பார், சரியாக வந்துவிட்டது" என்று சொல்லலாம். அதனால் பேரனுக்கு இரண்டு நிபந்தனை போட்டேன்: நிறுத்திய எண்ணை நோட்டில் எழுது, பார்க்காத வேறு பக்கத்தில் சோதித்துப் பார்.

கண்ணாத்தாள் குடியிருக்கும் ஊர்க்காரன் சொல்கிறேன். இயந்திரத்துக்குக் கண் கொடுப்பது நல்ல வேலைதான். என்னிடம் படித்து இன்று மென்பொருள் எழுதும் பிள்ளைகளே, உங்கள் நிரலில் இருக்கும் 127 எது, அதை ஏன் வைத்தீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.