பொன்னாடை வேண்டாம், பணியிடம் வேண்டும்

மகளிரியல் பேராசிரியை ஒருவர் ஓய்வு பெறும் விழாவில் என்ன பேசுவார்கள் என்பது நமக்கு முன்பே தெரியும். “எங்களுக்கெல்லாம் தாயாக இருந்தார்.” “குடும்பத்தையும் கவனித்து, துறையையும் வளர்த்தார்.” பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம், சாப்பாடு. வகுப்பில் எதைக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தாரோ, அதையே புகழாக்கி அவர் தோளில் போர்த்தி வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆண் பேராசிரியர் என்றால் அவர் எழுதிய நூல்களைப் பட்டியலிடும் மேடை, பெண் என்றால் தாய்மையைப் பாடுகிறது.

இதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மகளிரியல் யாரும் தானமாகத் தந்த துறையில்லை. பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த குழு 1974 இறுதியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையை அளித்தது. வீணா மஜும்தார் அதன் உறுப்பினர் செயலர். 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள். 1971இல் 930 பெண்கள். சுதந்திர நாட்டில் பெண்கள் குறைந்துகொண்டே வந்திருந்தார்கள். இது தெரியாமல் சமூகவியலும் பொருளாதாரமும் எப்படி நடத்தினோம் என்று ஆசிரியைகள் தம்மையே கேட்டுக்கொண்ட இடத்தில்தான் இத்துறை வேர்பிடித்தது. அதே 1974இல் பம்பாயின் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் மகளிர் ஆய்வு மையம் தொடங்கியது. அதைக் கட்டியவர் நீரா தேசாய்.

1986இன் தேசியக் கல்விக் கொள்கை மகளிரியலை ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழு மையங்களுக்கு நிதி தந்தது. ஆனால் அது ஐந்தாண்டுத் திட்ட நிதி. பன்னிரண்டாம் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததும், மையங்கள் தொடருமா என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. ஆசிரியைகளும் மாணவிகளும் எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. இயற்பியல் துறை இப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் இருப்புக்கு மன்றாடுமா?

இது டெல்லியின் கவலை மட்டுமில்லை. செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் மின்சார ரயிலில் தாம்பரம் வந்திறங்கும் மாணவியை நினைத்துப் பாருங்கள். அவள் வீட்டின் முதல் பட்டதாரியாக இருக்கலாம். விடியற்காலையில் அம்மா தண்ணீர் பிடிப்பதும், சமைப்பதும், பாட்டியைக் குளிப்பாட்டுவதும் உழைப்புதான், அதைக் கணக்கில் சேர்க்காத பொருளாதாரம்தான் குறையுள்ளது என்று அவளிடம் யார் சொல்வார்கள்? அதைச் சொல்லும் ஆசிரியை ஓய்வு பெற்றதும் அந்தப் பாடவேளை வேறொரு தாளுக்குப் போய்விட்டால், இழப்பு அந்த மாணவிக்குத்தான்.

“அப்படியானால் நன்றியே சொல்லக் கூடாதா?” என்று கேட்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் எப்படி என்பதற்கு நம் ஊருக்கு உறவுள்ள ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த அம்பை, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் மூவரும் 1988இல் பம்பாயில் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்கள் பேசியதைப் பதிவு செய்தார்கள். படங்களையும் எழுத்துகளையும் சேர்த்தார்கள். பெண்கள் வாழ்ந்ததற்குச் சான்று இல்லாமல் போனால், நாளை அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் பேராசிரியையின் அலமாரியில் என்ன இருக்கிறது? கையால் எழுதிய முதல் பாடத்திட்டம், நிர்வாகத்துக்கு அனுப்பிய மனுக்களின் நகல்கள், மாணவிகளின் கள ஆய்வுக் குறிப்பேடுகள். அறையைக் காலி செய்யும் நாளில் இவை பழைய பேப்பர் கடைக்குப் போனால், ஒரு துறையின் வரலாறே கிலோக் கணக்கில் விலை போகும்.

ஆகவே விழாக் குழுவினருக்குச் சொல்கிறேன். அவர் இடத்துக்கு நிரந்தர ஆசிரியை ஒருவரை நியமியுங்கள். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்காதீர்கள். மகளிரியலை மதிப்பெண்ணும் பாடவேளையும் உள்ள பாடமாக வைத்திருங்கள். மார்ச் 8 கோலப் போட்டியோடு முடிக்காதீர்கள். அவர் தாள்களை நூலகத்தில் வரிசைப்படுத்தி வையுங்கள். அவர் குரலை அவர் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

மாணவிகளே, விழாவில் உங்களைப் பேச அழைத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அடுத்த ஜூனில் இந்தப் பாடத்தை எங்களுக்கு யார் நடத்துவார்கள்?” பதில் வரும்வரை மேடையை விட்டு இறங்காதீர்கள்.