வேகத்துக்கு இடம் பந்தயப் பாதை, தெரு அல்ல!

தலைநகர்த் தமிழர்களிடம் கிரிக்கெட் மோகம் உண்டு, சினிமா மோகம் உண்டு. கார் பந்தய மோகம் கொண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் கண்கள் மின்னப் பேசுவார்கள். 2005-ல் கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் சென்னை கருண் சந்தோக் அவரைத் தொடர்ந்தார். இருவரின் தந்தையரும் ராலி பந்தயங்களில் ஓட்டியவர்கள். ஆக, இது தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் மோகம்.

ரயில்வே குமாஸ்தாவான எனக்கும், ஆறு வயதாகும் என் மகனுக்கும் இந்த மோகம் உண்டு. "இது பணக்காரர் விளையாட்டு. மாதச் சம்பளக்காரன் பிள்ளைக்கு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கார் ஓட்டத்தான் பணம் வேண்டும். பார்த்துப் புரிந்துகொள்ளப் பணம் வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். கிரேட்டர் நொய்டா புத்தா பந்தயப் பாதையின் ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் அங்கு நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 60 சுற்றுகள். மொத்தம் 307 கிலோமீட்டர். டில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கு ரயிலில் போகும் தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான். சதாப்தி எக்ஸ்பிரஸே நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அந்தத் தூரத்தை 2011-ல் செபஸ்டியன் வெட்டல் ஒன்றரை மணி நேரத்தில் கடந்தார். வாய்ப்பாடு என்றால் ஓடி ஒளியும் பிள்ளை, இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணுகிறான்.

கணக்கோடு கட்டுப்பாடும் சேர்ந்து வருகிறது. மஞ்சள் கொடி காட்டினால் எத்தனை பெரிய வீரனும் முந்தக் கூடாது. நீலக் கொடி காட்டினால், பின்னால் ஒரு சுற்று முன்னேறி வருபவருக்கு வழிவிட வேண்டும். சிவப்புக் கொடி வந்தால் பந்தயமே நிற்கும். ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இது புதிதல்ல. கொடிக்குக் கீழ்ப்படியாத வேகம் வேகமே அல்ல. 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணியினர் ஒரு காரின் நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றினார்கள். வெற்றி ஓட்டுபவர் ஒருவருடையது மட்டுமல்ல என்பதைப் பிள்ளைக்கு இதைவிட எப்படி விளக்குவது?

ஆனால் வருத்தத்துடன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில தகப்பன்மார் இந்த ஆசையைத் தெருவில் காட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தையை உட்கார வைத்து, ரிங் ரோடில் பறக்கிறார்கள். குழந்தை சிரிக்கிறது, தகப்பனுக்குப் பெருமை. பிரேக் போட்டால் முதலில் முன்னே விழுவது யார் என்று அவர் யோசிப்பதில்லை. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 முதல் விதி இருக்கிறது. சிறுவனிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க 2019 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. விதிகளுக்குக் குறைவில்லை, அவற்றை மதிக்கும் தகப்பன்மார்தாம் குறைவு.

பந்தயப் பாதையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் சென்னைப் பந்தயப் பாதையில் நடந்த மோட்டார் சைக்கிள் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். தலைக்கவசமும் மருத்துவர்களும் மேற்பார்வையாளர்களும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பார்ப்பதில் பிள்ளையைக் கூட்டாளியாக்கலாம். தகப்பனுக்குக் கைகூடாத கனவைப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது.

பந்தயம் பார்க்க அழைத்துப் போகிறவர்கள் பிள்ளையின் காதுக்கு நல்ல உறை வாங்கிக் கொடுங்கள். அந்தச் சத்தத்தை இளங்காதுகள் தாங்கா. பந்தயம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு நாளாவது பள்ளிப் பிள்ளைகளைக் குறைந்த கட்டணத்தில் உள்ளே விடுங்கள். வேகத்தை அதற்குரிய இடத்தில், அதற்குரிய கட்டுப்பாட்டோடு பார்த்து வளரும் பிள்ளை, நாளை சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பான். தலைநகரின் சாலைகளுக்கு இன்று வேண்டியது அதுதான்.