திருகோணமலை கிடைத்தது, மாகாண சபை எங்கே?

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஏழு புரிந்துணர்வு ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொண்டன. மின்கட்டமைப்பு இணைப்பு, டிஜிட்டல் சேவை, பாதுகாப்பு, திருகோணமலை எரிசக்தி மையம், சுகாதாரம், மருந்துத் தரம், கிழக்கு மாகாணத்துக்கு நிதியுதவி என ஏழும் எழுத்தில் இருக்கின்றன. இலங்கையின் மாகாண சபைத் தேர்தல் மட்டும் இந்தியப் பிரதமர் செய்தியாளர்கள் முன் வாசித்த உரையில் ஒரு வாக்கியமாக வந்துபோனது. எதைக் கையெழுத்திட்டு வாங்குவது, எதை வாய்வார்த்தையோடு விடுவது என்று யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தைத்தான் கண்டிக்கிறோம்.

முதல் தடவை என்றால் கவனப்பிசகு என்று விட்டுவிடலாம். 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க டில்லி வந்தபோது வெளியான நீண்ட கூட்டறிக்கையிலும், மாகாண சபைகளை உருவாக்கிய இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் என்ற பெயர் இல்லை. எரிபொருள் குழாய் இருந்தது, படகுப் போக்குவரத்து இருந்தது. தமிழர்களுக்காக இந்தியா பெற்றுத் தந்ததாக 1987 முதல் சொல்லிவரும் அந்த ஒரே சட்டத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. நான்கு மாதங்களுக்குள் இரண்டு முறை நடந்தால் அதற்குப் பெயர் கொள்கை.

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தற்காலிக இணைப்பு, அதை உறுதிசெய்ய 1988 டிசம்பர் 31-க்குள் கிழக்கில் பொதுவாக்கெடுப்பு, மாகாண சபை, ஆயுத ஒப்படைப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் வந்தன. அதே நாளில் இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருந்தவை வேறு. திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் கொடுக்கக் கூடாது. அங்குள்ள எண்ணெய் டேங்குகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்த வேண்டும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களை உளவு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. முதல் பாகம் ஈழத்தமிழருக்கு, இரண்டாம் பாகம் இந்தியாவுக்கு.

அந்த டேங்குகளின் கதையைப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் எரிபொருள் தேவைக்காகக் கட்டப்பட்டவை அவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசின. 1943 ஆகஸ்டில் கியூபெக் நகரில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கூடித் தென்கிழக்காசியப் போர்த் தலைமையகத்தை உருவாக்கினார்கள். அதன் தளபதி மவுண்ட்பேட்டன் அதை மறு ஆண்டே இலங்கையின் கண்டிக்குக் கொண்டுவந்தார். திருகோணமலைத் துறைமுகத்தின் மதிப்பு அன்று போட்ட கணக்கில் இன்றுவரை குறையவில்லை. இந்தியா அதை விடவும் இல்லை. 2003-இல் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனம் உள்ளே போனது. 2022 ஜனவரியில் 99 டேங்குகளும் பங்கு பிரிக்கப்பட்டன: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு எரிசக்தி மையம். இத்தனை ஆட்சி மாறியும், நடுவில் ஒரு முழுப் போரே நடந்து முடிந்தும், கடிதத்தின் இந்த வரியை மட்டும் யாரும் மறக்கவில்லை. டேங்க் டேங்காக எண்ணி வாங்கியிருக்கிறார்கள். அதில் நமக்குக் குறையில்லை. நாட்டின் நலன் அது. அதே விடாப்பிடியை முதல் பாகத்துக்கு ஏன் காட்டவில்லை என்பதே கேள்வி.

முதல் பாகத்தின் கதி எல்லாரும் அறிந்ததே. பொதுவாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. டில்லி ஒரு வார்த்தை உரக்கச் சொல்லவில்லை. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013-இல்தான். அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2017-இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், மறு ஆண்டு தொகுதி வரையறை அறிக்கையை நாடாளுமன்றத்தில் தோற்கடித்தார்கள், பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் இல்லாமல் தேர்தல் அந்தரத்தில் நிற்கிறது. 2019 முதல் ஒன்பது மாகாணங்களில் எதற்கும் தேர்ந்தெடுத்த சபை கிடையாது. கொழும்பு நியமித்த ஆளுநர்கள் ஆள்கிறார்கள்.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரிலேயே கலைந்துவிட்டது. அந்தக் கிழக்கு மாகாணத்துக்குத்தான் 2025 ஏப்ரலில் இந்தியா நிதியுதவி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எந்த ஊருக்கு முதலில் சாலை, எந்தப் பள்ளிக்குக் கட்டடம் என்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாக்கு வாங்கிய மாகாண உறுப்பினர் எழுந்து கேட்க ஒரு மன்றம் இல்லை. பணம் கொடுக்கும்போதாவது அந்த மன்றத்தைப் பற்றி ஒரு நிபந்தனை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இப்படி நிபந்தனை இல்லாமல் விட்ட வாக்குறுதிக்கு வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு. 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஸ்டாலினும் போலந்தின் எல்லையை நகர்த்தினார்கள். லண்டனில் இருந்த போலந்து அரசுக்கு அழைப்பே இல்லை. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் போலந்துப் படைகள் அந்த நேச நாடுகளுக்காக மோன்டே கசினோவில் ரத்தம் சிந்தியிருந்தன. போலந்தில் கூடிய விரைவில் சுதந்திரமான தேர்தல் நடக்கும் என்று அறிக்கையில் எழுதினார்கள். யார் கண்காணிப்பது, நடக்காவிட்டால் என்ன என்று எழுதவில்லை. 1947 ஜனவரியில் ஒரு மோசடித் தேர்தல் நடந்தது. அதன் பிறகு போலந்து மக்கள் 1989 வரை காத்திருந்தார்கள். யால்டாவில் அந்த வாக்குறுதி எழுத்திலாவது இருந்தது. 2025-இல் கொழும்பில் அதுவும் இல்லை.

1987-இல் நடந்தது இதே கதைதான். ஜூலை 24 அன்று யாழ்ப்பாணத்துச் சுதுமலையிலிருந்து இந்திய ஹெலிகாப்டரில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனை ஏற்றிவந்து, டில்லி அசோகா ஹோட்டலில் காவலுக்கு நடுவே தங்கவைத்து, முடிவானதைத் தெரிவித்தார்கள். ஒப்பந்தத்தில் தமிழர் தரப்பில் ஒரு கையெழுத்துகூடக் கிடையாது. பிறகு உடல் நலிந்திருந்த எம்.ஜி.ஆரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 2 அன்று நம் மெரினாவில் ராஜீவ் காந்தி கூட்டம் நடத்தினார். தமிழகத்தின் ஒப்புதலாக அந்த மேடையைக் காட்டினார்கள். கேட்டுவிட்டுச் செய்வதற்கும், செய்துவிட்டுக் கூட்டம் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் கடற்கரை மணலில் நின்றிருந்த ஜனங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டே மாதத்தில், அக்டோபரில், இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கியது. 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள். செத்த தமிழ்ப் பொதுமக்களுக்கு இந்த நாட்டில் யாரும் கணக்கே எடுக்கவில்லை. 1990 மார்ச்சில் எஞ்சிய படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அனுப்பியவர்கள் யாரும் பொறுப்பேற்கவும் இல்லை.

ஆட்சி நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களின் வழக்கமே இது. 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு. அதற்காக, அதுவரை சென்னை அடையாறு இந்திரா நகரிலும் மற்ற இடங்களிலும் இருக்கவிட்டு, பயிற்சியும் கொடுத்த ஈழப் போராளிகளை ஒரே நாளில் வளைத்துப் பிடித்து, ஆயுதத்தையும் வயர்லெஸ் கருவிகளையும் பறிமுதல் செய்தார்கள். பிரபாகரன் உண்ணாவிரதம் இருக்க, கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வளர்த்ததும் அவர்கள், பிடித்ததும் அவர்கள், திருப்பிக் கொடுத்ததும் அவர்கள். நகரத்து மக்களிடம் ஏன் என்று ஒரு விளக்கம் கிடையாது.

இன்னும் பின்னால் போனால் 1964 அக்டோபர். இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழரைத் தலை எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து ஆண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். தேயிலை பறித்துக்கொண்டிருந்த எந்தக் குடும்பத்திடமும் எங்கே இருக்க விருப்பம் என்று முதலில் கேட்கவில்லை. மூன்று தலைமுறையாக வாழ்ந்த லயத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக் குளிரில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். கச்சத்தீவைப் பற்றி நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1974-இல் தீவும் 1976-இல் கடிதப் பரிமாற்றத்தில் மீன்பிடி உரிமையும் போன விதத்தை ராமேஸ்வரத்தில் எந்தப் படகுக்காரரும் சொல்வார்.

விளைவை நாம் தள்ளி நின்று பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி அகதி முகாமும் புழல் முகாமும் சென்னை நகரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் குடியிருக்கும் ஈழக் குடும்பங்கள் இன்றும் காவல் நிலையத்தில் பெயர் பதிந்து வாழ்கின்றன. 1990-இல் கைக்குழந்தையாக வந்தவர் இன்று தன் பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது குடியுரிமை என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாட்டு அகதிகளுக்கு இடம் இருந்தது, இவர்களுக்கு இல்லை. திரும்பிப் போங்கள் என்றால், எந்த ஊர் நிர்வாகத்தை நம்பிப் போவார்கள்? அங்கே அவர்களுடைய மாகாணத்துக்குச் சபையே இல்லையே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இப்போது ஏட்டிலிருந்தும் சுரைக்காயை அழிக்கிறார்கள். இதைத் தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும், கட்சி பார்க்காமல் கேட்க வேண்டும். எரிபொருள் குழாயும் மின்கம்பியும் பாக் நீரிணையைத் தாண்டிப் போகப்போவது தமிழகக் கரையிலிருந்துதான். அந்தப் பேச்சு நடக்கும் அறையில் இந்த மாநிலத்துக்கும் வடக்கு, கிழக்கு மக்களுக்கும் ஏதாவது ஒரு வகையில் குரல் இருந்தாக வேண்டும். மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு தேதியை எழுதி வாங்காமல் அடுத்த ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடக் கூடாது.